விசாரமும் விசாரிப்பும்

வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவர் ஓமானில் வேலை பார்க்கிறார். நான்கு மாதமாகச் சம்பளம் ஒழுங்காக வரவில்லை. மகன் பன்னிரண்டாம் வகுப்பு. நகை அடகில் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் அதற்குப் பிறகு தூக்கம் இல்லை. முழங்காலில் நின்று ஜெபித்தாலும் நெஞ்சுப் படபடப்பு அடங்குவதில்லை. ஜெபக்கூட்டத்தில் ஒரு அம்மாள், "உனக்கு விசுவாசம் குறைவு, அதனால்தான் சமாதானம் இல்லை" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். "ஐயா, பிறந்ததிலிருந்து கிறிஸ்தவளாக இருந்தும் எனக்கு ஏன் மன அமைதி இல்லை? அதை எப்படிப் பெறுவது?" என்பது அவருடைய கேள்வி.

நான் குருவானவர் இல்லை. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் சேகரத்தில் (சில சபைகள் சேர்ந்த தொகுதி) ஐயர், அதாவது குருவானவர், வர முடியாத ஞாயிறுகளில் ஆராதனை நடத்துகிறவன். அந்த அளவுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்த அம்மாள் சொன்னதை எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். கலங்குவது விசுவாசக் குறைவு என்றால், இயேசு பிடிபட்ட இரவில் ஜெபித்த கெத்செமனேயை என்ன செய்வது? "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்று இயேசுவே சொன்னார். தனியாக இருக்கப் பயந்தவரைப் போல மூன்று சீஷர்களைக் கூட்டிக்கொண்டு போய், விழித்திருங்கள் என்று கேட்டார். அவர்கள் தூங்கிவிட்டார்கள். சங்கீதப் புத்தகத்தில் 88ஆம் சங்கீதம் ஏறக்குறைய முழுவதும் புலம்பல்தான். முடிவிலாவது ஆறுதலாக ஒரு வார்த்தை வரும் என்று பார்த்தால் அதுவும் இல்லை. அதை வேதத்திலிருந்து யாரும் நீக்கவில்லை. இரவு இரண்டு மணிக்கு விழித்துக் கிடப்பவர்களுக்கும் வேதத்தில் இடம் ஒதுக்கியிருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இனி ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பேசுகிறேன். தமிழ் வாத்தியாரின் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்." இது 1 பேதுரு 5:7. காலண்டரில், திருமணப் பத்திரிகையில், ஆட்டோவின் பின்பக்கத்தில் என்று எங்கு பார்த்தாலும் இருக்கிற வசனம். அதனாலேயே நாம் படிக்காமல் கடந்துபோகிற வசனம். பழைய தமிழில் விசாரம் என்றால் கவலை. "என்ன விசாரமாக இருக்கிறாய்?" என்று எங்கள் ஆச்சி கேட்பாள். விசாரிப்பது என்றால் நலம் கேட்பது, பொறுப்பெடுத்துப் பார்த்துக்கொள்வது. கத்தோலிக்க ஊர்களில் பங்குச் சாமியாரை விசாரணைச் சாமியார் என்று சொல்லும் வழக்கம் உண்டு. நமக்குள் இருந்தால் விசாரம். நம்மேல் அன்புள்ள ஒருவர் செய்தால் விசாரிப்பு. கிரேக்க மூலத்தில் இந்தச் சிலேடை கிடையாது, அங்கே கவலைக்கு ஒரு சொல், விசாரிப்பதற்கு வேறு சொல். தமிழில் மட்டும் கிடைத்த கொடுப்பினை இது. ஆனால் பவுல் வேறோர் இடத்தில் ஏறக்குறைய இதையே செய்கிறார். பிலிப்பியர் 4:6இல் "ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்கிறாரே, அதே கிரேக்க வினையைத்தான் 2:20இல் தீமோத்தேயுவைப் புகழவும் பயன்படுத்துகிறார். அங்கே நம் வேதாகமம் அதை "விசாரிக்கிறதற்கு" என்று மொழிபெயர்த்திருக்கிறது. ஆக, மகனைப்பற்றி நினைப்பு வருவதே தவறு என்று யாரும் சொல்லவில்லை. அந்த நினைப்பு உங்களுக்குள்ளேயே சுற்றிச்சுற்றி வந்து உங்களைத் தின்கிறதா, வெளியே போய் ஒரு வேலையைச் செய்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

விசாரிப்பு என்றால் என்ன என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு பழைய உபதேசியார், குருவானவருக்குத் துணையாகச் சபையைக் கவனிக்கிற ஊழியர். என் மனைவிக்குக் கட்டி என்று சொல்லி, சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டுப் பத்து நாள் காத்திருந்தோம். அந்தப் பத்து நாளும் எனக்கு ஜெபம் வரவில்லை. இருபது வருடம் பிரசங்கம் செய்த வாய் "ஆண்டவரே" என்பதோடு நின்றுவிடும். உபதேசியார் தினமும் சாயங்காலம் சைக்கிளில் வருவார். திண்ணையில் உட்காருவார். "சாப்பிட்டீர்களா?" என்று கேட்பார். இல்லை என்றால் மனைவியைத் தொந்தரவு செய்யாமல் அவரே முக்குக் கடைக்குப் போய் இட்லி வாங்கி வருவார். பிறகு ஒரு சங்கீதம் வாசிப்பார், விளக்கம் எதுவும் சொல்ல மாட்டார். எழுந்து போய்விடுவார். பத்து நாளில் ஒருநாள்கூட "எல்லாம் சரியாகிவிடும்" என்று அவர் சொல்லவில்லை. பரிசோதனை முடிவு நல்லதாக வரவில்லை. அவள் அதற்குப் பிறகு மூன்று வருடம் இருந்தாள். அந்த மூன்று வருடத்தில் நான் தூங்கிய இரவுகள் பல உண்டு. அது எப்படி என்று யோசித்தால் எனக்கு அந்த இட்லிப் பொட்டலம்தான் ஞாபகம் வருகிறது.

ஆகவே உங்களுக்கு நான் முதலில் சொல்வது, உங்களை விசாரிக்க ஒரு ஆளைத் தேடுங்கள் என்பதுதான். கூட்டத்தில் சாட்சி சொல்ல வேண்டாம். சபையில் வாய் மூடி இருக்கத் தெரிந்த ஒரு அக்கா, ஒரு சித்தி, ஒரு பெரியம்மா இருப்பார். அவரிடம் போய், "வாரம் இரண்டு நாள் என்னை வந்து பாருங்கள், இல்லையென்றால் போன் செய்யுங்கள்" என்று நேராகவே கேளுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும். நம் ஊர்களில் சாவுக்கும் கல்யாணத்துக்கும் கேட்காமலே வந்து நிற்பார்கள். சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகைக்கு ஊரே சேர்ந்து காய் வெட்டும். வெளியே தெரியாத கவலைக்கு மட்டும் நாம் சொன்னால்தான் வருவார்கள்.

அடுத்தது ஜெபம். நீங்கள் ஜெபிக்கிறீர்கள், தெரிகிறது. எப்படி என்பதை மட்டும் கொஞ்சம் பார்ப்போம். பிலிப்பியருக்கு எழுதும்போது பவுல் "உங்கள் விண்ணப்பங்களை" தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள் என்கிறார். விண்ணப்பம் நமக்குத் தெரிந்த சரக்கு. திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாளுக்குப் போய்ப் பாருங்கள். "ஐயா, எனக்கு ஒரே கஷ்டம், ஏதாவது பார்த்துச் செய்யுங்கள்" என்று எழுதிய மனு எங்கேயும் போகாது. சர்வே எண், கதவு எண், தேதி, தொகை எல்லாம் வேண்டும். இரவில் வருகிற கவலைக்கோ முகமும் இல்லை, எண்ணும் இல்லை. ஓர் இருட்டு மூட்டையாக வந்து நெஞ்சில் உட்காருகிறது. அதை அவிழ்த்து எழுதுங்கள். "ஆண்டவரே, பத்தாம் தேதி நகைக்கடனுக்கு வட்டி கட்ட வேண்டும். கையில் இவ்வளவு இருக்கிறது, இவ்வளவு குறைகிறது. கம்பெனிக்காரன் போனை எடுப்பதில்லை. பையனுக்குக் கணக்கு வரவில்லை." இப்படி. தேவனுக்குத் தெரியாதா என்று கேட்கலாம். அவருக்குத் தெரியும், உங்களுக்குத்தான் இன்னும் தெரியவில்லை. எழுதி முடித்த பிறகு எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் நாலைந்து காரியங்கள்தான் இருக்கும். இரவில் அவை நாற்பது போலத் தோன்றியிருக்கும்.

எழுதியதில் சில வரிகள் உங்கள் கைக்கே திரும்பி வரும். நெகேமியா எருசலேமின் மதிலைக் கட்டும்போது ஜெபமும் செய்தார், இரவும் பகலும் காவலும் வைத்தார். சம்பளப் பாக்கி விஷயத்துக்கு மஸ்கட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தில் உங்கள் கணவர் புகார் கொடுக்கலாம். இங்கே தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறைக்கு நீங்கள் மனு அனுப்பலாம். வங்கிக்குக் கெடு தேதிக்கு முன்னாலேயே போய், கடனைப் புதுப்பிக்க வழி உண்டா என்று கேட்டுவிடுங்கள். கூச்சப்பட்டுக்கொண்டு கடைசி நாள்வரை தள்ளிப்போட்டுவிட்டு இரவில் அழுவதை நான் பக்தி என்று சொல்ல மாட்டேன்.

மனு கொடுத்தவர் ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். மேஜைமேல் வைத்த காகிதத்தைப் பிடித்துக்கொண்டே நின்றால் எந்த அதிகாரி படிப்பார்? அந்த ஒப்புகைச் சீட்டு எது என்றால், அந்தப் பிலிப்பியர் வசனத்தின் நடுவில் வருகிற "ஸ்தோத்திரத்தோடே" என்கிற வார்த்தைதான் என்று எனக்குப் படுகிறது. கேட்டது கிடைத்த பிறகு நன்றி சொல்வது எல்லாருக்கும் வரும். கேட்கும்போதே சொல்லச் சொல்கிறார் பவுல். இது நம் ஆச்சிமாருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. உலையில் அரிசி போடுவதற்கு முன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள், அது கோயிலுக்கு. பானை நிறைய இருந்த நாளிலும் எடுத்தார்கள், இரண்டு பேர் கஞ்சியை ஐந்து பேர் குடித்த நாளிலும் எடுத்தார்கள். அந்தக் கைப்பிடியால் கோயிலுக்கு என்ன வரவு வந்தது என்பது வேறு கணக்கு. அரிசி குறைவு என்று மனசு கத்திக்கொண்டிருக்கும்போது, கை போய் "கொடுக்கவும் கொஞ்சம் இருக்கிறது" என்று தினமும் சொல்லிவிட்டு வந்தது. இப்போது அந்தக் கலயம் பல வீடுகளில் இல்லை. உங்கள் வீட்டில் ஒன்று வையுங்கள். அடுத்த தெருவில் உங்களைவிடக் கஷ்டப்படுகிற ஒரு வீடு இருக்கும், அதற்குப் போகட்டும்.

இதற்குப் பிறகுதான் "எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம்" வருகிறது. ஆராதனை முடிவில் ஐயர் கையை உயர்த்தி இந்த வார்த்தைகளைத் தொடங்கினால் நம்மில் பாதிப் பேரின் கண் வாசலில் கிடக்கும் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடும். நானும் அப்படித்தான். ஆனால் பவுல் அதைச் சிறையில் இருந்துகொண்டு எழுதினார். "காத்துக்கொள்ளும்" என்று அவர் போட்ட சொல் கோட்டைக் காவலுக்குப் படை நிறுத்துகிற சொல். பிலிப்பி ரோமப் படைவீரர்கள் குடியேறிய ஊர், அவர்களுக்கு உடனே புரிந்திருக்கும். பாளையங்கோட்டைக்காரர்களுக்கும் புரிய வேண்டும். கோட்டைக்குக் காவல் போடுவது வெளியே எதிரி இருப்பதால்தான். சம்பளப் பாக்கி வெளியே அப்படியே இருக்கும். அது உள்ளே வந்து உங்கள் மகனோடு நீங்கள் பேசுகிற பேச்சைக் கெடுக்காமல், சோற்றின் ருசியைக் கெடுக்காமல் ஒருவர் வாசலில் நிற்கிறார். அவ்வளவுதான் வாக்கு.

உங்கள் ஊரிலிருந்து வடக்கன்குளம் தூரமில்லை. திருவிதாங்கூர் அரண்மனையில் அதிகாரியாக இருந்த நீலகண்ட பிள்ளை 1745 மே 14 அன்று அங்கேதான் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அதற்கு முன்னால் அவர் குடும்பத்தில் அடுத்தடுத்து நஷ்டம், மனிதர் ஒடிந்துபோயிருந்தார். 1741இல் குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படையிலேயே பெரிய பொறுப்புக்கு வந்த டச்சுக் கம்பெனிப் படை அதிகாரி டிலனாய் அவருடைய முகவாட்டத்தைப் பார்த்து விசாரித்திருக்கிறார். காரணத்தைக் கேட்டதும் யோபுவின் கதையைச் சொன்னார். அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது. யோபுக்கு இழந்தது இரட்டிப்பாகத் திரும்பியது. தேவசகாயத்துக்கோ 1749இல் விலங்கு வந்தது. 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று ரோமாபுரியில் அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது நம் பக்கத்திலிருந்து போனவர்கள் உண்டு. நான் சி.எஸ்.ஐ.காரன், கத்தோலிக்கன் இல்லை, புனிதர் பட்டத்தைப்பற்றிப் பேச எனக்கு உரிமை கொஞ்சம்தான். ஆனால் நஷ்டத்தைப்பற்றிய கவலையில் இருந்த ஒரு மனிதர், நஷ்டம் ஈடு செய்யப்படாமலே கவலையை விட்டு வெளியே வந்தார் என்பதைக் கவனியுங்கள். "விசுவாசித்தால் போன பணம் திரும்ப வரும்" என்று மேடையில் கத்துகிறவர்கள் வடக்கன்குளத்துக்கு ஒருமுறை போய்வரலாம். இந்த மாதிரி ஆட்களிடம் அவர்கள் ஜெபித்துக் கொடுக்கிற எண்ணெய்க்கும் கைக்குட்டைக்கும் காணிக்கை அனுப்பாதீர்கள். அந்தப் பணத்தை வட்டிக்குக் கட்டுங்கள்.

"கர்த்தர்மேல் உன் பாரத்தை வைத்துவிடு" என்கிற 55ஆம் சங்கீத வசனத்தைப்பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் குற்ற உணர்ச்சியில் பாதி இங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறேன். வைத்துவிட்டேன், மறுநாள் காலையில் மறுபடி தலையில் இருக்கிறதே, அப்படியென்றால் நான் சரியாக வைக்கவில்லையா என்று. பழைய சாலைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல் நட்டு, மேலே தலை உயரத்துக்கு ஒரு கல். கருப்பட்டிச் சிப்பத்தையோ விறகையோ சுமந்து வருகிறவர் யார் துணையும் இல்லாமல் அதில் இறக்கிவிட்டு, மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்து, மறுபடி தலையைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போவார். சில மைல் தள்ளி இன்னொன்று இருக்கும். நாம் லாரி வரும் என்று காத்திருக்கிறோம். சில நாள் லாரியும் வரத்தான் செய்கிறது. அநேக நாள் கிடைப்பது சுமைதாங்கி. மறுபடி தூக்க வேண்டியிருக்கிறது என்பதற்காக, இறக்கி வைத்தது பொய்யாகிவிடாது. ஒரு நாளில் எத்தனை தடவை வேண்டுமானாலும் இறக்கலாம்.

டோனாவூரில் அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் விழுந்து அடிபட்டதிலிருந்து 1951இல் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருடம், அறைக்குள்ளேயே வலியோடு கிடந்தார். கைவிடப்பட்ட பிள்ளைகளுக்கு அவர் ஆரம்பித்த இல்லம் அதற்குள் எவ்வளவோ பெரிதாகிவிட்டது. குணமாக வேண்டும் என்று அவரும் ஜெபித்தார், அவரைச் சுற்றியிருந்தவர்களும் ஜெபித்தார்கள். குணமாகவில்லை. அந்தப் படுக்கையிலிருந்தே எழுதிக்கொண்டிருந்தார். கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பறவைகளுக்கான ஒரு தண்ணீர்த் தொட்டியைத்தான் பிள்ளைகள் அங்கே வைத்தார்கள். உங்களுக்குப் பக்கம்தானே, ஒரு நாள் மகனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

நாளையைப்பற்றி. "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்" என்று மத்தேயு 6 முடிகிறது. இதில் நாளைக்குக் கஷ்டம் வராது என்று எங்கே இருக்கிறது? இன்றைக்கே போதுமான அளவு இருக்கிறது, அதைப் பார் என்றுதான் இருக்கிறது. எங்கள் தாத்தா பனையேறி. பதநீர்க் காலத்தில் காலையும் மாலையும் ஏற வேண்டும். சின்ன வயதில் நான் அவரோடு தேரிக்காட்டுக்குப் போய், இன்னும் எத்தனை மரம் தாத்தா என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டார். "மரத்தில் இருக்கும்போது அடுத்த மரத்தைப் பார்த்தால் கால் வழுக்கும்" என்பார். மகனுடைய கல்லூரிக் கட்டணம் அடுத்த மரம். இன்றைக்கு அவனுக்கு ஒரு டம்ளர் பால் காய்ச்சிக் கொடுத்துவிட்டு, கணக்குப் புத்தகத்தை எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

உடம்பைப்பற்றிப் பேசாமல் இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றார். (நம் காட்டில் இருக்கிற அந்த முள் சூரையின் கீழே யாராலும் படுக்க முடியாது, மொழிபெயர்த்தவர்கள் பாலைவனச் செடிக்கு வேறு பெயர் கிடைக்காமல் இதைப் போட்டிருக்க வேண்டும்.) தேவதூதன் வந்து அவருக்குப் பிரசங்கம் செய்தானா? சுட்ட அடையும் ஒரு செம்புத் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டுத் தூங்கினார். மறுபடி எழுப்பி மறுபடி சாப்பிடச் சொன்னான். தேவனோடு பேசுவதெல்லாம் அதற்கு நாற்பது நாள் கழித்துத்தான். 2023 டிசம்பர் 17, 18 பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அதற்குப் பிறகு மழைச் சத்தம் கேட்டாலே எழுந்து உட்காருகிறவர்களை எனக்குத் தெரியும். உடம்பு தனக்கென்று ஒரு ஞாபகம் வைத்திருக்கிறது. அதை வசனம் சொல்லி அதட்ட முடியாது.

நான்கு மாதமாகத் தூக்கம் இல்லை, நெஞ்சு படபடக்கிறது என்றால் அவசியம் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு கூடியிருந்தாலும் இரத்தம் குறைந்திருந்தாலும் இப்படிப் படபடக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கலாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. சீட்டு வாங்கி உட்கார்ந்தால் பார்ப்பார்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் போன் செய்து தமிழிலேயே பேசலாம், நள்ளிரவு இரண்டு மணிக்கும்தான். உயிர் வேண்டாம் என்கிற நினைப்பு எப்போதாவது எட்டிப் பார்த்தால் விடியும்வரை காத்திருக்காமல் உடனே கூப்பிடுங்கள், பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டுங்கள். மாத்திரை சாப்பிட்டால் விசுவாசம் குறைந்துவிடும் என்று யாராவது சொன்னால், அவர் மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறாரா என்று பாருங்கள்.

இன்றிரவு விழிப்பு வந்தால், படுத்துக்கொண்டே போராடாதீர்கள். எழுந்து விளக்கைப் போட்டு, எழுதி வைத்த அந்தக் காகிதத்தை ஒருமுறை வாசித்து, வேதப் புத்தகத்துக்குள் மறுபடி மடித்து வையுங்கள். போனைத் தொட வேண்டாம். தண்ணீர் குடித்துவிட்டுத் தெரிந்த பாட்டு ஒன்றை மெதுவாகப் பாடுங்கள். பையன் எழுந்தால் எழுந்துவிட்டுப் போகிறான். தூக்கம் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

உங்கள் கடிதத்தில் கணவர் ஓமானில் எந்த ஊரில் இருக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. மகனுக்குத் தேர்வு எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பதும் இல்லை. இரண்டையும் எழுதி அனுப்புங்கள். எங்கள் கோயிலில் புதன்கிழமை சாயங்காலம் நாலைந்து பேர் உட்கார்ந்து ஜெபிக்கிறோம். பொத்தாம் பொதுவாகச் சொன்னால் எங்களுக்கும் மனசு நிற்பதில்லை.